கதவு கொஞ்சம் தாமதமாகத் திறக்கும்

எங்கள் தெருவுக்கு எதிர்காலம் செவ்வாய்க்கிழமைதோறும் வரும். குப்பை வண்டி போனதும் வரும். மஞ்சள் நிற வேன். ஓட்டுநர் இறங்க மாட்டார், ஹாரன் மட்டும் அடிப்பார். நாங்கள்தான் போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வருவதெல்லாம் ‘ஒளியூர்தி’யில் காட்டியவைதான். அது நான் நடித்த தொலைக்காட்சித் தொடர். வாரம் ஒரு நாள், செய்திக்கு முன்னால் போட்டார்கள். விண்வெளியில் போகும் ஒரு கப்பலின் கதை. நான் அந்தக் கப்பலின் கேப்டன். கேப்டனாக நடிக்க ஒப்புக்கொண்ட ஆண் சம்பளம் கட்டுப்படியாகாது என்று போய்விட்டார். அவருக்குத் தைத்த சட்டை எனக்குச் சரியாக இருந்தது. எதிர்காலத்தில் பெண்கள் கப்பல் ஓட்டுவார்கள் என்று அப்படித்தான் முடிவாயிற்று.

அத்தியாயங்கள் வந்த வரிசையில் பொருள்கள் வந்தன. முதலில் கையில் அடங்கும் தொலைபேசி. நாங்கள் அதைச் சோப்புப் பெட்டியில் செய்திருந்தோம். அதனால் முதலில் வந்தவை எல்லாம் சோப்பு வாசனை அடித்தன. அப்புறம் தானாகத் தரை பெருக்கும் தட்டு வந்தது. அதைக் குக்கர் மூடியில் செய்திருந்தோம். இன்றைக்கும் பெருக்கி முடித்ததும் விசில் அடித்துவிட்டுத்தான் ஓய்கிறது. எங்கள் அயனாவரத்தில் யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் காலத்தில் தெருவே ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து பார்த்த தொடர்தானே.

பக்கத்து வீட்டுக் குஞ்சிதபாதம் சார் போன ஆடியில் குரலாகிவிட்டார். உடம்பு இருந்தவரை அவர் ஒரு ஸ்விட்சைக்கூடப் போட்டதில்லை. இப்போது அவர் மனைவி ஞானம் அக்கா “என்னங்க” என்றால் போதும். கூரையிலிருந்து “சொல்லு” என்பார். “ஃபேன்” என்றால் ஃபேன் சுற்றும். “சோறு” என்றால் அடுப்பு பற்றிக்கொள்ளும்.

“கல்யாணம் ஆன புதுசுலயே இப்படி ஆகியிருக்கலாம்” என்று அக்கா அவர் காதுபடவே சொல்வாள். குரலுக்குக் காது உண்டா என்று எனக்குத் தெரியாது. அப்படிச் சொன்ன அன்று ஃபேன் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும்.

உலகத்தில் உள்ள பேசும் பெட்டிகள் எல்லாம் “என்னங்க” என்றால்தான் விழித்துக்கொள்கின்றன. அதற்குக் காரணம் நான். அதைச் சொல்வதற்கு முன் அமலதாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமலதாஸ் கப்பலின் டாக்டர். டாக்டருக்கு வேலை இல்லாத காட்சிகளில் அவர் கதவு இழுப்பார். ஒளியூர்தியில் தானாகத் திறக்கும் கதவு ஒன்று உண்டு. ஒட்டுப்பலகையில் செய்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து, தூண்டில் நரம்பு கட்டியிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலி. பலகையில் ஒரு சின்ன ஓட்டை. அமலதாஸ் முக்காலியில் உட்கார்ந்து, ஓட்டை வழியாகப் பார்த்து, நான் வந்து நின்றதும் நரம்பை இழுக்க வேண்டும்.

அவர் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் இழுப்பார். நான் கதவுக்கு முன்னால் கேப்டன் சட்டையில் விறைப்பாக நின்றுகொண்டிருப்பேன். டைரக்டர் கத்துவார்.

“தூங்கறியாய்யா?”

“இல்ல சார். பார்த்துட்டுதான் இருக்கேன்.”

முதல் அத்தியாயத்தில் கதவு ரொம்ப நேரம் திறக்கவே இல்லை. “கணி, கதவைத் திற” என்று கப்பலின் கம்ப்யூட்டருக்கு நான் கட்டளையிட வேண்டும். எனக்குக் கம்ப்யூட்டரின் பெயர் மறந்துவிட்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைப் பார்த்து “என்னங்க” என்றேன். கதவு சட்டென்று திறந்தது. இன்னொரு தடவை எடுக்க டேப் இல்லை. அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது. பார்த்த பிள்ளைகள் எல்லாம் எதிர்காலத்தில் இயந்திரத்தை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். வளர்ந்து எஞ்சினியர் ஆனதும் அப்படியே செய்தும் வைத்துவிட்டார்கள்.

நான் அவரை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். நடுவில் ஒட்டுப்பலகை இருந்தது.

ஊரில் உள்ள தானியங்கிக் கதவுகளும் ஒளியூர்தி கதவைப் பார்த்துச் செய்தவைதான். ஆஸ்பத்திரியில், நகைக்கடையில், பேங்க்கில், எல்லாமே ஆள் வந்து நின்றதும் கொஞ்சம் தயங்கித்தான் திறக்கும். ஜனங்கள் எரிச்சல்படுகிறார்கள். நான் எரிச்சல்படுவதில்லை. சும்மா இருக்கும்போது பஸ் ஏறிப்போய் அந்தக் கதவுகளுக்கு முன்னால் நிற்பேன். எனக்கு அந்த பேங்க்கில் கணக்குக்கூடக் கிடையாது.

ஒளியூர்தியில் எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவோம். தயாரிப்பாளரிடம் இருந்தது ஒரே பாத்திரம். யாரும் யாரையும் “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்க மாட்டோம். விண்வெளியில் ஊர் கிடையாது. அதனால் கதை எழுதியவர் அந்தக் கேள்வியை எழுதாமல் விட்டுவிட்டார். அந்தக் கேள்வி இல்லாத இடத்தில் அமலதாஸும் நானும் வாரத்துக்கு மூன்று நாள் இருந்தோம். மீதி நாட்களில் நான் அயனாவரத்தில் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமலதாஸ் என் வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் பேச வந்தார். அப்பா மரியாதையாக உட்காரச் சொன்னார். “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டார். ஊரைச் சொன்னதும் “அங்கே எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அப்புறம் காபி கொடுத்தார். காகித டம்ளரில் கொடுத்தார். அப்போது எங்கள் பக்கம் யாரும் காகித டம்ளரைப் பார்த்தது கிடையாது. அப்பா முன்னமே விசாரித்துவைத்து, அதற்காகவே எங்கிருந்தோ வரவழைத்திருந்தார். எங்கள் தெருவுக்கு வேன் இல்லாமல் வந்த எதிர்காலம் அது ஒன்றுதான்.

அமலதாஸ் காபியைக் குடித்துவிட்டு டம்ளரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அம்பத்தூரில், குடைக் கம்பெனி கிடங்கில், கப்பல் கிளம்பும் காட்சி. காட்சிக்கு முன்னால் நான் கதவு ஓட்டையில் கண்ணை வைத்தேன். அந்தப் பக்கம் அவர் கண் இருந்தது.

“அந்தக் காலம் வந்ததும் வந்துடறேன்” என்றார்.

“எந்தக் காலம்?”

“நாம நடிக்கிறோமே, அது.”

காட்சி முடிந்ததும் எல்லோரும் இறங்கினோம். அமலதாஸ் இறங்கவில்லை. கப்பல் அட்டையாலும் தெர்மாகோலாலும் ஆனது. ஆனாலும் போய்விட்டது. கிடங்கின் கூரையில் ஓட்டைகூட இல்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் தெர்மாகோலுக்காக வருத்தப்பட்டார். கதவு மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டிருந்தது. நான் அதை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முக்காலியையும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கப்பல் திரும்பி வரும் அத்தியாயம் எடுக்க வேண்டும். அந்த வாரம் கிரிக்கெட் வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் ஒரு தலைவர் காலமானார். துக்கத்துக்காக வாரம் முழுக்க டிவியில் வீணை வாசித்தார்கள். அதற்குள் கிடங்கில் குடைகள் வந்து இறங்கிவிட்டன. கடைசி அத்தியாயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜனங்களும் கேட்கவில்லை.

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்பா பார்த்த மாப்பிள்ளைகளிடமெல்லாம் “கப்பல் போயிருக்கிறது, வரட்டும்” என்றேன். அப்பா இப்போது இல்லை. காகித டம்ளர் எல்லா டீக்கடையிலும் இருக்கிறது.

இந்தச் செவ்வாய்க்கிழமை வேன் ஓட்டுநர் இறங்கினார். அவருக்குக் கால் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. என் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே இனிக்காத சர்க்கரை இருந்தது. அது கப்பல் கிளம்பும் அத்தியாயத்தில் வந்தது.

“அவ்வளவுதாம்மா” என்றார்.

“அடுத்த செவ்வாய்?”

“அடுத்த செவ்வாய் சும்மா செவ்வாய்தான்.”

வேன் போய்விட்டது. தெருவில் எல்லோரும் நிம்மதியாக உள்ளே போனார்கள். எதிர்காலம் முழுக்க வந்து இறங்கிவிட்டது. அமலதாஸ் அதில் இல்லை.

வேனை அனுப்பும் வருங்காலப் பட்டுவாடா நிலையத்துக்குப் போனேன். வாசலில் தானியங்கிக் கதவு. தயங்கித் திறந்தது. உள்ளே ஒரு நீண்ட நடைவழி. நடையில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி, அதற்கு எதிரில் ஒரு காலண்டர், அதற்கடுத்து டீ குடித்துக்கொண்டிருக்கும் ஒருவர். அவரைத் தாண்டினேன். மறுபடி குரோட்டன்ஸ் தொட்டி, காலண்டர், டீ குடிப்பவர். மறுபடியும் தாண்டினேன். டீ குறையவே இல்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒளியூர்தியில் எங்களுக்கு இருந்தது சின்ன நடைதான். நீளமாகத் தெரிய வேண்டும் என்று திரும்பத் திரும்ப நடக்க விடுவார்கள். டைரக்டர் போதும் என்கிற வரைக்கும் நடக்க வேண்டும்.

“போதும்” என்றேன்.

நடை முடிந்தது. டீக்காரர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார். ரொம்ப நாளாகக் காத்திருந்தவர் போல இருந்தது.

இரண்டு ஜன்னல்கள் இருந்தன. ஒன்றின் மேல் ‘பொருள்கள்’ என்று எழுதியிருந்தது. இன்னொன்றின் மேல் ‘வழக்கங்கள்’. வழக்கங்கள் ஜன்னலில் ஆள் இல்லை, நாற்காலியில் ஒரு கைக்குட்டை மட்டும் விரித்திருந்தது. பொருள்கள் ஜன்னலில் ஒரு அம்மாள் பூக் கட்டிக்கொண்டிருந்தார். கோமளவல்லி என்று பெயர்ப்பலகை இருந்தது.

“என்ன வேணும்?”

“கடைசி அத்தியாயம்.”

“எடுத்தாங்களா?”

“எடுக்கலைங்க.”

“எடுக்காதது வராது.”

“ஏன் வராது?”

கோமளவல்லி பூவைக் கீழே வைத்தார். “செய்யறவங்கல்லாம் சின்ன வயசுல பார்த்தவங்கம்மா. பார்த்ததைத்தான் செய்வாங்க. பார்க்காததை யார் செய்வாங்க?”

“இப்ப எடுத்தா?”

“ஒருத்தராவது பார்க்கணும்.”

“பார்த்தா வந்துடுவாரா?”

“ஆளா? ஆள் பொருள்ல வரமாட்டாரே.” பக்கத்து ஜன்னலைக் காட்டினார். “அங்க கேளுங்க.”

“அங்க யாரும் இல்லையே.”

“சாப்பிடப் போயிருக்காங்க.”

“எப்பப் போனாங்க?”

“நான் வேலைக்குச் சேரும்போதே போயிருந்தாங்க.”

நான் நகரவில்லை. அவருக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“பொருளெல்லாம் வேன்ல ஏத்தி அனுப்பிடறோம். வழக்கம் வேன்ல ஏறாதும்மா. நடந்துதான் வரணும். கிளம்பிடுச்சுன்னு சொல்றாங்க. எங்க வந்துட்டிருக்குன்னு யாருக்கும் தெரியலை. போன மாசம் உங்க ஏரியாவுல ஒரு வீட்டுக்காரர்கிட்ட வந்துச்சாம். குடிவர்றவங்ககிட்ட எந்த ஆளுங்கன்னு கேக்கறதை நிறுத்திட்டார்.”

“அப்புறம்?”

“சைவமான்னு கேட்டார். அது திரும்பிப் போயிடுச்சு.”

நான் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன். “எனக்கு அவர் வேணுங்க. பார்க்கணும்போல இருக்கு. நின்னு நின்னு எல்லாக் கதவையும் பார்த்துட்டேன்.”

கோமளவல்லி கட்டிய பூவில் ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தார். “போய் எடுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து கதவை எடுத்து நிறுத்தினேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நிறுத்தினேன். வெள்ளிப் பெயின்ட் உதிர்ந்து கையில் ஒட்டியது. தூண்டில் நரம்பு மட்டும் அப்படியே இருந்தது. ஞானம் அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னலும் என் வீட்டுச் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே இருக்கின்றன. அவள் ஜன்னலில் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கான டம்ளர். ஒளியூர்தியின் எந்த அத்தியாயத்திலும் அது கிடையாது. ஆனாலும் இருக்கிறது.

அக்கா வந்தாள். குஞ்சிதபாதம் சாரும் அவளுடைய தொலைபேசியில் ஏறி வந்து என் வீட்டுக் கூரைக்கு மாறிக்கொண்டார்.

“என்னடி இது, பழைய கதவை நிறுத்திவெச்சிருக்கே?”

“கடைசி அத்தியாயம் எடுக்கணும்க்கா. நீங்க ஃபோன்ல புடிங்க. சார் ஆக்‌ஷன் சொல்லட்டும்.”

“எனக்குச் சொல்லத் தெரியும்” என்றார் கூரையிலிருந்து குஞ்சிதபாதம் சார். அவர் அப்போதெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்.

“என்ன கதை?” என்றாள் அக்கா.

“அவர் வருவார். கதவு திறக்கும். அவ்வளவுதான்.”

“நீதானே கதவுக்கு முன்னாடி நிப்பே?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலமும் நான் கதவுக்கு முன்னால் நின்றே காத்திருந்திருக்கிறேன். வருகிறவர் அவர். அவர் வந்தால் நரம்பை யார் இழுப்பது? அது தெரியாமல் வாழ்நாள் முழுக்கத் தப்பான பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

சமையலறைக்குள் போனேன். முக்காலியில் உட்கார்ந்தேன். நரம்பை விரலில் சுற்றிக்கொண்டேன். கோமளவல்லி கொடுத்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன். ஓட்டையில் கண்ணை வைத்தேன். கூடம் தெரிந்தது. நடுவில் ஞானம் அக்கா தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆமா, வர்றது யாரு?” என்றாள்.

“அமலதாஸ்.”

“அந்த டாக்டரா? அவரு எந்த...”

என் விரலில் நரம்பு தொய்ந்தது. எங்கேயோ தூரத்தில் ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்து, நின்றுவிட்ட மாதிரி இருந்தது. நான் மூச்சு விடவில்லை.

அக்கா வாயைத் திறந்தபடி நின்றாள். கேள்வி அவள் நாக்கில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் விழுங்கிவிட்டாள். தொண்டையில் அது இறங்குவதை ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

“அவருக்கு... காபி போடட்டுமா?” என்றாள்.

“எதுல குடுப்பீங்க?”

அவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்த ஜன்னல் டம்ளர்தான் ஞாபகத்துக்கு வந்திருக்கும். எனக்கும் அதுதான் வந்தது. கூப்பிடாமலேயே குஞ்சிதபாதம் சார் பேசினார்.

“என் டம்ளர்ல குடு. நான்தான் குடிக்கறதில்லையே.”

அக்கா தொலைபேசியைக் கூடத்து மேஜைமேல் இருந்த ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். காபி வாசனை வந்தது. இரண்டு டம்ளர்களோடு திரும்பி வந்தாள். ஒன்று கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் டம்ளர். கு.பா. என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியது. அதை மேஜைமேல் வைத்து மூடினாள். இன்னொன்று ஜன்னல் டம்ளர். அதில் தனக்கு ஊற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு வாய் குடித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அவள் தொலைபேசியை எடுத்துப் பிடித்தாள். “ஆக்‌ஷன்” என்றது கூரை.

கூடம் நீள ஆரம்பித்தது. என் வீட்டுக் கூடம் அவ்வளவு நீளம் கிடையாது. கோடியில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி தெரிந்தது. அதைத் தாண்டி ஒருவர் வந்தார். மறுபடி தொட்டி, மறுபடி தாண்டினார். திரும்பத் திரும்ப நடந்து வந்தார். எத்தனை தொட்டி என்று நான் எண்ணவில்லை. போதும் என்று சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

“போதும்ப்பா. வாங்க.”

அவர் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். டாக்டர் சட்டை போட்டிருந்தார். தலை நரைத்திருந்தது. சட்டை நரைக்கவில்லை. சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. மேஜைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தார். அதில் வெட்டியிருந்த பெயரைப் படித்தார். அப்புறம் கதவைப் பார்த்தார். அவருக்கு அந்தப் பக்கம் நின்று பழக்கமில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என்னங்க” என்றார்.

தெருவில் எல்லா வீட்டிலும் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. குக்கர் மூடிகள் விசில் அடித்துக்கொண்டு தரையில் ஓடின.

நரம்பு என் விரலில்தான் இருந்தது. இழுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அவருடைய இடது புருவத்தில் ஒரு முடி மட்டும் மேல்நோக்கி நிற்கும். அது இன்னும் அப்படியே நின்றது. தண்ணீர் வந்து கண்ணை மறைத்தது. துடைத்துவிட்டு மறுபடி ஓட்டையில் வைத்தேன்.

“தூங்கறியாம்மா?” என்றார் குஞ்சிதபாதம் சார்.

“இல்ல சார். பார்த்துட்டுதான் இருக்கேன்.”